எல்லைக்கு வெளியே ஒன்பதாயிரம்

பரமட்டா, சிட்னி
12.11.1995

தங்கச்சி ஹபீபாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முதல் வரியே "என்ட காசு" என்று தொடங்குகிறது. கூடப்பிறந்த காக்கா சுகமா என்று ஒரு சொல் இல்லை. பரவாயில்லை. இரண்டு வருடமாக நீ கேட்காததால் நானும் சொல்லாமல் பழகிவிட்டேன். முழங்கால் வலி, வேறொன்றும் இல்லை.

போன் எடுத்துப் பேசினால் என்ன என்று உன் மகள் ஜலீலா இங்கிலீஷில் ஒரு துண்டு எழுதி உள்ளே வைத்திருந்தாள். அவளிடம் சொல்: போனில் கதைப்பதை நாளைக்கு நீயும் மாற்றுவாய், நானும் மாற்றுவேன். எழுதினால்தான் நிற்கும்.

ரோவிலில் நீ வீடு வாங்குவதில் எனக்குச் சந்தோஷம். பேங்கில் வட்டிக்கு எடுத்து வாங்குவதில் சந்தோஷம் இல்லை. இதை ஒருமுறைதான் சொல்வேன்.

1992இல் மண்டபத்துக் கூரைக்கு நீ தந்த ஒன்பதாயிரம் டொலரை ஜனவரி பத்தொன்பதுக்கு முன் கேட்கிறாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. தர எனக்கு மனம் இருக்கிறது. இடையில் நிற்பது என்ன என்பதைப் பொறுமையாகப் படி.

சங்கத்தின் கையில் காசில்லை. எந்தக் காலத்தில் இருந்தது? நாங்கள் வட்டிக்கு வாங்குவதில்லை. உறுப்பினர் ஒருவர் வட்டியில்லாமல் கடன் தருவார். அவர் திருப்பிக் கேட்டால் இன்னொருவரிடம் வாங்கிக் கொடுப்போம். அந்தப் பழைய கம்பளக் கிடங்கை நாங்கள் மண்டபமாக்கியது இப்படித்தான். இப்போதும் ஓபர்ன் இறைச்சிக்கடைக்காரர் ஒன்பதாயிரம் தர ஆயத்தமாக நிற்கிறார். ஆனால் எங்கள் சட்ட யாப்பில் பதினான்காம் விதி இருக்கிறது. சங்கத்தின் மொத்தக் கடன் நாற்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. அந்த நாற்பதும் நிரம்பிவிட்டது. ஐம்பதாக உயர்த்தினால்தான் அவரிடம் வாங்கலாம்.

உயர்த்த வேண்டியது கொமிட்டி. தலைவரான என்னைத் தவிர எட்டுப் பேர். நாலு பேர் சரி என்கிறார்கள். பொருளாளர் ரஷீதும் அவனோடு மூன்று பேரும் முடியாது என்கிறார்கள். ரஷீத் எல்லாருக்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "இந்த எல்லை ஒண்டுதான் அங்கிள் உங்களுக்கு இருக்கிற பிரேக். அதயும் கழட்டித் தந்தா நீங்க மேல்மாடி கட்டத் தொடங்கிருவீங்க." மேல்மாடி கட்டத்தான் வேண்டும். அது வேறு விடயம்.

நாலுக்கு நாலு என்றால் தலைவருக்குத் தீர்க்கும் வாக்கு உண்டே என்று நீ கேட்பாய். உண்டு. ஆனால் இருபத்துமூன்றாம் விதிப்படி, சொந்தக்காரருக்கு இலாபம் வரும் விடயத்தில் ஒருவர் வாக்களிக்க முடியாது. 1989இல் அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்தான். செயலாளர் ஜலால்தீனின் தம்பியிடமே பெருநாள் புரியாணிக்குச் சொல்லியிருந்தார்கள், ஞாபகம் இருக்கும். அன்று ஜலால்தீனுக்குப் பொருந்தியது இன்று எனக்கும் பொருந்தும். நான் விதியை மீற மாட்டேன்.

இவ்வளவுதான் நிலைமை. கோபப்படாமல் எழுது.

பக்கீர் முகைதீன்
(தலைவர்)


நோபிள் பார்க், மெல்பேர்ண்
21.11.1995

காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். முழங்காலுக்கு ஒலிவ் எண்ணெய் பூசுங்கள். சுகம் கேட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சிட்னியில் இருந்தபோது சங்கத்துக்கு எட்டு வருடம் கூட்ட மினிட்ஸ் எழுதியவள் நான். அந்த யாப்பை என் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தட்டெழுதியவளும் நான்தான். பதினான்காம் விதியில் ஒரு பூச்சியத்தைக் கூடப் போட்டுவிட்டு, வெள்ளை மை பூசி அழித்ததுகூட நினைவிருக்கிறது. ஆகவே எனக்கு யாப்பு விளங்காது என்று நினைக்க வேண்டாம்.

விளங்காதது கணக்கு. நாற்பதாயிரம் கடன் இருக்கிறது. அதில் ஒன்பதாயிரம் என்னுடையது. இறைச்சிக்கடைக்காரரிடம் ஒன்பதாயிரம் வாங்கி எனக்குத் தந்தால், அவருடையது ஏறும், என்னுடையது இறங்கும். மொத்தம் அதே நாற்பதாயிரம்தானே? பிறகு எதற்கு ஐம்பதாக உயர்த்த வேண்டும்? ஜலீலாவிடம் கேட்டேன். அவளும் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "Mum, it makes no sense" என்றாள்.

ஏதோ ஒன்றை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அல்லது என் மூளை மழுங்கிவிட்டது. எதுவென்று சொல்லுங்கள்.

வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டி எடுக்கிற பேங்க் சொன்ன நாளில் காசைத் தருகிறது. வட்டி எடுக்காத உங்கள் சங்கம் முதலையே தரவில்லை. நானும் ஒருமுறைதான் சொல்வேன்.

போன் எடுக்காதது நல்லதுதான். எடுத்தால் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை.

ஹபீபா


பரமட்டா
30.11.1995

தங்கச்சி ஹபீபாவுக்கு,

உன் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பதில் எழுதுகிறேன்.

உலக நடப்பு ஏதாவது பார்க்கிறாயா? அமெரிக்காவில் இதே வியாதி. அங்கேயும் அரசாங்கம் இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று ஓர் எல்லை இருக்கிறது. அதை உயர்த்தச் சட்டசபைக்காரர்கள் மறுத்துக்கொண்டு நிற்கிறார்கள். புதிதாகச் செலவழிக்க இல்லை, ஏற்கெனவே வாங்கினதைக் கட்டத்தான் கேட்கிறார் சனாதிபதி. இந்த மாதம் ஆறு நாள் அரசாங்கக் கந்தோர்களைப் பூட்டி வைத்தார்களாம். பேப்பரில் படித்தபோது அவர்கள் கொமிட்டியிலும் ஒரு ரஷீத் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பரமட்டா லைப்ரரியில் இரண்டு நாள் இருந்து வாசித்தேன். அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளை எனக்குப் போட்டோகொப்பியும் எடுத்துத் தந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான், ஆனால் அகராதி இருந்தால் எதையும் வாசிப்பேன். சனாதிபதிக்கு என்ன வழி இருக்கிறது என்பதில் அங்கே படித்தவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. எல்லையைக் கணக்கெடுக்காமல் வாங்கலாம், நாட்டின் கடனைக் கேள்வி கேட்கக் கூடாது என்று அவர்கள் யாப்பிலேயே ஒரு வரி இருக்கிறது என்கிறார் ஒருவர். அந்த வரி வேறு காலத்தில் வேறு காரணத்துக்கு எழுதினது என்கிறார் அடுத்தவர். யாருக்கு முதலில் கொடுப்பது, யாரை நிறுத்தி வைப்பது என்று சனாதிபதியே தீர்மானிக்கலாம் என்கிறார் இன்னொருவர். ஒவ்வொன்றையும் படிக்கும்போது அதுதான் சரி என்று படுகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் முதலில் படித்தது பிழை என்று படுகிறது. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தலை சுற்றியது.

இந்த நாட்டிலேயே இருபது வருடத்துக்கு முன் செனட் சபை காசை மறித்தபோது, கடைசியில் பிரதமரையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தை நான் வாசிக்கவில்லை.

நானும் ஒன்று செய்து பார்த்தேன். போன சனிக்கிழமை தமிழ் வகுப்பையும் ஓதல் வகுப்பையும் நிறுத்தி, கதவில் கடிதம் ஒட்டினேன். எல்லையை உயர்த்தாவிட்டால் மின்சாரக் காசு கட்ட வழியில்லை என்று எழுதினேன். பெற்றோர் போய் ரஷீதைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வந்து என்னைப் பிடித்தார்கள். உபதலைவர் சாரா உம்மா என் கட்சி. அவவே வாசலில் நின்று, "பிள்ளயள்ட படிப்ப பூட்டித்தானா காக்கா நீங்க ரஷீத வெல்லப் போறீங்க? தெறப்பத் தாங்க" என்று கையை நீட்டினா. சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டேன். வகுப்பு நடக்கிறது.

உன் கணக்குக் கேள்விக்குப் பதில்: அது சங்கத்தின் கணக்கு வைக்கும் முறையோடு சம்பந்தப்பட்டது. தலைவர் மட்டத்து விடயம். கடிதத்தில் எழுத முடியாது.

பக்கீர் முகைதீன்
(தலைவர்)


நோபிள் பார்க்
9.12.1995

காக்காவுக்கு,

எழுதினால்தான் நிற்கும் என்றவர் நீங்கள். இப்போது கடிதத்தில் எழுத முடியாது என்கிறீர்கள். சரி, எழுத்தில் இருப்பதையே தேடினேன்.

ஜலீலாவின் சான்றிதழ்களோடு உங்கள் ரசீது இருந்தது. அன்று வாசித்ததில்லை. அவள் வாப்பா மௌத்தாகி ஐந்து மாதம், தொழிற்சாலைக்காரர் கொடுத்த நட்டஈட்டுக் காசு. நீங்கள் கேட்டீர்கள், எடுத்துத் தந்தேன். நீங்கள் எழுதித் தந்ததை மடித்து வைத்தேன். இப்போது வாசிக்கிறேன். உங்கள் கையெழுத்துத்தான். "ஹபீபாவிடமிருந்து அமானத்தாக டொலர் ஒன்பதாயிரம் பெற்றுக்கொண்டேன்."

கடனாக என்று இல்லை. அமானத்தாக.

எனக்குச் சந்தேகமாக இருந்தது. இப்போது இந்தப் பக்கம் இருக்கிற ஜலால்தீனை டான்டினோங் சந்தையில் கண்டபோது ரசீதைச் சொல்லிக் கேட்டேன். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரியும். ஆறு வருடத்துக்குப் பிறகும் அவர் உங்கள் பெயரைக் கேட்டதும் மீன்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்கட காக்காட மூளைக்கு ஒரு ஸலாம் போடணும் புள்ள. கடன் எண்டு எழுதினா எல்லைக்க வரும். அமானத்து எண்டு எழுதினா வராது. கூரையும் போட்டாச்சு, விதியும் உடையல்ல!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா அமானத்த தொட ஏலாதே. காக்கத் தந்தது தந்தபடியே கிடக்கணும்."

கணக்கு இப்போது விளங்குகிறது. என் ஒன்பதாயிரம் அந்த நாற்பதாயிரத்துக்குள் என்றுமே இருக்கவில்லை. உண்மையில் உங்கள் கடன் நாற்பத்தொன்பது. மூன்று வருடமாக நாற்பத்தொன்பது.

கணக்கு விளங்கியதும் மற்றது விளங்காமல் போய்விட்டது. நான் தந்தது அமானத்து என்றால் எனக்குத் திருப்பித் தர எந்த வோட்டும் தேவையில்லை. பெட்டியைத் திறந்து எடுத்துத் தர வேண்டியதுதான். பெட்டியில் இருக்கிறதா காக்கா?

ஹபீபா


பரமட்டா
15.12.1995

ஹபீபாவுக்கு,

என் வீட்டு விடயத்தை ஜலால்தீனிடம், அதுவும் மீன்கடையில், போய்க் கேட்டிருக்கிறாய். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

இத்துடன் ஒன்பதாயிரம் டொலருக்குச் செக் இருக்கிறது. அடக்கச் செலவுக்கென்று வைத்திருக்கும் மையத்து நிதியிலிருந்து. அந்தக் கணக்குக்குத் தலைவர் ஒருவரின் கையெழுத்துப் போதும். கொமிட்டி கூடும்வரை சாவு காத்திருக்காது என்று அப்படி வைத்தோம். எல்லை உயர்ந்ததும் இறைச்சிக்கடைக்காரரிடம் வாங்கித் திருப்பி வைத்துவிடுவேன்.

இதில் பிழையில்லை. அமெரிக்காவிலும் எல்லை நிரம்பியதும் அரசாங்க ஊழியரின் பென்சன் நிதியைப் பயன்படுத்தித்தான் நாளைக் கடத்துகிறார்கள். பிறகு திருப்பி வைப்பார்கள். இது பேப்பரில் வந்தது.

காசு கிடைத்ததென்று ஒரு வரி எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

பக்கீர் முகைதீன்
(தலைவர்)


நோபிள் பார்க்
20.12.1995

காக்காவுக்கு,

செக் கிடைத்தது. நாலு துண்டாகக் கிழித்து இதற்குள் வைத்திருக்கிறேன். எண்ணிப் பாருங்கள், ஒரு துண்டும் குறையவில்லை.

ஜலீலாவின் வாப்பாவைக் கழுவிக் கபனிட்டு அடக்கியது அந்த மையத்துக் காசில். குழியின் விலை எனக்கு இன்றும் தெரியும். அந்தக் காசை எடுத்து என் வீட்டுக்கு வாசல் வைக்க என்னால் முடியாது. அமெரிக்காவில் செய்கிறார்களாம்! அமெரிக்காக்காரனுக்கா நாளைக்கு மறுமையில் நீங்கள் பதில் சொல்லப் போகிறீர்கள்?

இந்த வீட்டுக்கு ஏற்கெனவே பதினோராயிரம் டிப்பொசிட் கட்டியிருக்கிறேன். ஐந்து வருடம் தையல் மெஷினில் குனிந்து சேர்த்தது. ஜனவரி பத்தொன்பது, மிச்சக் காசைக் கட்டி வீட்டை எடுக்கும் செட்டில்மென்ட். அன்றைக்கு உங்கள் ஒன்பதாயிரம் கையில் இல்லாவிட்டால் வீடும் போகும், பதினோராயிரமும் போகலாம் என்று லோயர் சொல்கிறார். இது தெரிந்துகொண்டுதான் கிழித்தேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காசு வேண்டும். ஆனால் அதைவிட, நான் தந்தது என்ன என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எனக்கில்லை. எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருக்கிற எட்டுப் பேருக்கு.

ஹபீபா


பரமட்டா
8.1.1996

தங்கச்சி ஹபீபாவுக்கு,

பதில் தாமதம். வேலை இருந்தது.

டிசம்பர் இருபத்தொன்பதாம் திகதி மெரிலண்ட்ஸில் தனியாக இருந்த ஒரு கிழவர் மௌத்தானார். ஏறாவூர்க்காரர். உனக்குத் தெரியாது. இங்கே ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எடுக்க, வாகனத்துக்கு, ரூக்வூட்டில் குழிக்கு, எல்லாவற்றுக்கும் முன்காசு. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட வாரம். யாரிடம் போய்க் கேட்பது? அரைவாசிப் பேர் ஊரில் இல்லை. மையத்து நிதியில் இருந்தது பத்தாயிரத்து இருநூறு. அடக்கம் முடிய மூவாயிரத்து அறுநூறு போனது.

நீ கணக்குக்காரி. ஒன்பதாயிரம் போயிருந்தால் மிச்சம் என்ன என்று நீயே கழித்துப் பார்.

நானும் இன்னும் இரண்டு பேருமாகக் குளிப்பாட்டினோம். முழங்கால் மடங்கவில்லை, நின்றபடியே தண்ணீர் ஊற்றினேன். அந்த மனிசனின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து நித்திரை சரியில்லை. உன் கேள்வியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன். கடன் என்று சொன்னால் மூன்று வருடத்துக்கு முன்பே எல்லையைத் தாண்டினவன் நான். விதி விதி என்று மேசையைத் தட்டினவன் விதியை உடைத்தவன். அமானத்து என்று சொன்னால் காக்கத் தந்ததைச் செலவழித்தவன். அது விதியை உடைப்பதைவிடக் கேடு. இரண்டுமில்லை என்று சொல்ல ஒரு மூன்றாவது இருக்கிறதா என்று லைப்ரரியில் தேடினேன். அமெரிக்காக் கட்டுரைகளில் இதற்கு ஒன்றும் இல்லை.

அந்த ரசீதை எழுதும்போது என்ன நினைத்து எழுதினேன் என்று யோசிக்கிறேன். சத்தியமாக நினைவில்லை. தந்திரம் செய்கிறேன் என்று தெரிந்து எழுதினேனா, உன்னிடம் கடன் என்று எழுதக் கை வராமல் எழுதினேனா? கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. தொழுகிற பாய் நனைந்திருந்தது. அதுமட்டும் நினைவிருக்கிறது.

பதினான்காம் திகதி கூட்டம். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. கூரை தேவைதான். அதில் நான் பின்வாங்க மாட்டேன்.

பக்கீர் முகைதீன்


நோபிள் பார்க்
11.1.1996

காக்காவுக்கு,

அந்தக் கிழவருக்கு இங்கே யாஸீன் ஓதினோம்.

நேற்று லோயர் போன் எடுத்தார். பத்தொன்பதுக்கு மேல் ஒரு நாளும் தள்ளிப்போட விற்கிறவர் சம்மதிக்கவில்லை. பதினெட்டுக்குள் பேங்க் செக் என் கைக்கு வர வேண்டும்.

இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தது போதும். எந்தப் பக்கம் விழுந்தாலும் உங்களுக்கு அடிதான். ஒரு பக்கம் விழுங்கள்.

கூரை தேவை இல்லை என்று நான் எந்தக் காலத்திலும் சொல்லவில்லை.

ஹபீபா


பரமட்டா
16.1.1996

தங்கச்சி ஹபீபாவுக்கு,

முதலில் பின்பக்கத்தைப் பார். பேங்க் செக் ஊசியால் குத்தியிருக்கிறது. ஒன்பதாயிரம். பொதுக் கணக்கிலிருந்து. இதைக் கிழிக்க உனக்கு அனுமதியில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு கூடினோம். மினிட்ஸ் வாசித்து முடிந்ததும் நான் எழும்பினேன். ஹபீபாவிடம் வாங்கியது கடன் என்று சொன்னேன். எல்லை நிரம்பியிருந்தபடியால் அமானத்து என்று எழுதினேன், அமானத்து என்று எழுதியதைச் செலவும் செய்தேன், ஆகவே இரண்டு குற்றமும் என்னுடையது என்றேன். நீங்கள் இரண்டு மாதமாகக் காவல் காக்கிற எல்லை மூன்று வருடத்துக்கு முன்பே உடைந்துபோனது, உடைந்த வேலிக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு பேராக நின்று சண்டை பிடிக்கிறோம் என்றும் சொன்னேன். கடைசி வசனத்தை வீட்டிலேயே ஆயத்தம் செய்திருந்தேன். பிறகு மேலே பார்த்து, இந்தக் கூரைக்குக் கீழே நாலு மாரி நனையாமல் இருந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டேன். அது தேவையில்லாத பேச்சு என்று சாரா உம்மா பிறகு சொன்னா.

ரஷீத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இத நீங்க நவம்பர்லயே சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்தில முடிஞ்சிருக்கும் அங்கிள்" என்றான். "நீங்க புதுசா எதுக்கோ காசு தேடுறீங்க எண்டுதான் நாங்க நினைச்சது. ஹபீபா அன்ரிட காசெண்டா யார் மறிக்கிற?"

எட்டுப் பேரும் கை தூக்கினார்கள். எல்லை ஐம்பதாயிரமானது. இரண்டு மாதம் நின்றது இரண்டு நிமிடத்தில் நடந்தது. எனக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. முடிந்தது என்று நினைத்து எழும்பினேன்.

ரஷீத் திரும்பக் கையைத் தூக்கினான். பொதுக் கணக்குச் செக்குக்குத் தலைவர் கையெழுத்து ஒன்று, பொருளாளர் கையெழுத்து ஒன்று. "விதிய உடைச்சனான் எண்டு நீங்களே இப்ப சொல்லிப்போட்டீங்க, மினிட்ஸ்லயும் ஏறிட்டு. அப்ப உங்கட கையெழுத்தில காசு போகலாமா? நாளைக்கு ஓடிட்டர் கேட்டா நான் என்னத்த சொல்ற?" அவன் பகையில் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. என் கையெழுத்துச் செல்லுமா செல்லாதா என்று வாக்கெடுத்தோம். நாலுக்கு நாலு. அதே நாலு, அதே நாலு.

தீர்க்கும் வாக்கு என்னிடம். என் கையெழுத்தைப் பற்றி நானே எப்படி வாக்களிப்பது? என்னை விலக்குவதென்றால் பொதுக்கூட்டம், இருபத்தொரு நாள் அறிவித்தல். பத்தொன்பதாம் திகதிக்கு ஐந்து நாள். யாப்பை எடுத்து முன்னாலிருந்து பின்னால் புரட்டினேன், பின்னாலிருந்து முன்னால் புரட்டினேன். உன் தட்டெழுத்து. என் மண்டைக்குள் அமெரிக்கா, செனட் சபை, பென்சன் நிதி எல்லாம் சுற்றியது. சனாதிபதிக்கு என்ன வழி, என்ன வழி என்று இரண்டு மாதமாகப் படித்தவன், தலைவர் கதிரையில் இருந்துகொண்டே செய்கிற வழிகளைத்தான் படித்திருக்கிறேன்.

சாரா உம்மாதான் வாயைத் திறந்தா. "அப்ப எறங்குங்களேன் காக்கா. நீங்க எறங்கினா நான் பதில் தலைவர். நான் கையெழுத்து வைக்கிறன். அந்தப் பொம்புளக்கி வீடு கிடைக்கும்."

ஒன்பது வருடம் ஹபீபா. தரையைக் கூட்டினதிலிருந்து தலைவர் கதிரை வரைக்கும். ஒருவர் கேட்டும் நான் இறங்கினதில்லை. மூன்று தேர்தலில் மூன்று பேரைத் தோற்கடித்தேன். ரஷீத் கேட்டிருந்தால் இன்றைக்கும் இறங்கியிருக்க மாட்டேன்.

கூட்டக் கடதாசியின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். திகதி போட்டேன். எத்தனை மணி என்றும் போட்டேன், பிறகு யாரும் சந்தேகம் சொல்லாமல் இருக்க. சாரா உம்மாவிடம் நீட்டினேன்.

திங்கள் காலை இறைச்சிக்கடைக்காரர் காசைக் கொண்டுவந்தார். புத்தகத்தில் கடன் என்றே ஏறியது. ரஷீத் லீவு போட்டுவிட்டுப் பேங்கில் போய் நின்றான்.

நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

பக்கீர் முகைதீன்


ரோவில்
22.1.1996

காக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுத் திறப்புத் தந்தார்கள். கதவைத் திறந்ததும் ஜலீலா செருப்போடு எல்லா அறைக்கும் ஓடினாள். இன்னும் கட்டில் வரவில்லை. நிலத்தில் படுக்கிறோம். நோன்பும் தொடங்கிவிட்டது. குசினி சின்னது, ஆனால் சூரியன் வருகிறது.

உங்கள் கடிதத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. ஜலால்தீன் சந்தையில் கண்டு, "என்ன, உங்கட காக்கா எறங்கிட்டாராமே!" என்று சிரிக்க வந்தார். "ஓம், எறங்கினவர். நீங்க எறக்கப் பார்த்து ஏலாமப் போனவர்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மன்னிப்புக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். நவம்பரில் சொல்லியிருந்தால் இரண்டு மாதம் நான் நித்திரை கொண்டிருப்பேன். கோபம் ஒரு பக்கம் கிடக்க, உங்களை நினைத்தால் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. இரண்டும் ஒன்றாக வருகிறது. என்னவென்று எழுதத் தெரியவில்லை.

நோன்பில் முழங்காலுக்கு மருந்தை நிறுத்த வேண்டாம். விடியுமுன் சஹருக்குக் குடியுங்கள்.

ஹபீபா


பரமட்டா
5.2.1996

தங்கச்சி ஹபீபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜலால்தீனுக்கு நீ சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன்.

நேற்றுக் கூட்டம் இருந்தது. பொதுக்கூட்டம். போவதா விடுவதா என்று காலையிலிருந்து யோசித்தேன். போகாவிட்டால் ஒளிக்கிறேன் என்பார்கள். போனால் எங்கே இருப்பது? ஒன்பது வருடமாக எனக்கு அந்த மேசைக்குப் பின்னால் ஒரே இடம். உள்ளே போனதும் எல்லாரும் எழும்பினார்கள். பிறகு ஏன் எழும்பினோம் என்று அவர்களுக்கே தெரியாமல் திரும்ப இருந்தார்கள். ரஷீத் ஓடிவந்து முன்வரிசையில் ஒரு கதிரையைக் காட்டினான். "இஞ்ச இருங்க அங்கிள்." நான் இருக்கவில்லை. அவன் காட்டின இடத்தில் இருக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. நேரே நடந்து கடைசி வரிசைக்குப் போய், கதவோரக் கதிரையில் இருந்தேன். பக்கத்தில் ஒரு தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. ஸலாம் சொன்னா, கொஞ்சம் தள்ளி இடம் விட்டா.

சாரா உம்மா மேசைக்குப் பின்னால் நின்று பேசத் தொடங்கினா. வாய் அசைகிறது, கை அசைகிறது. முன்வரிசை தலையை ஆட்டுகிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காது போய்விட்டதோ என்று பயந்தேன். பக்கத்தில் இருந்த தாயிடம் மெல்லக் கேட்டேன், "உங்களுக்குக் கேக்குதா?"

"இஞ்ச எந்த நாளும் கேக்காது அங்கிள்" என்றா. "தகரக் கூரையல்லவா, சத்தம் மேலயே சுத்திட்டுப் போயிரும். முந்தியும் கேக்கிறதில்ல. முன்னுக்கு இருக்கிறவங்க கை தூக்கினா நாங்களும் தூக்குவம்."

ஒன்பது வருடம். பின்னாலிருந்து யாராவது எழும்பினால், ஒழுங்கு, ஒழுங்கு என்று மேசையைத் தட்டி உட்கார வைத்திருக்கிறேன். எத்தனை தீர்மானம் அப்படி நிறைவேறியிருக்கும் என்று எண்ணத் தொடங்கினேன், முடியவில்லை.

நான் எழும்பிக் கையைத் தூக்கினேன். முழங்கால் விடவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரஷீதின் முகம் வெளுத்துவிட்டது, ஏதோ பிரச்சினை கிளப்பப் போகிறேன் என்று. சாரா உம்மா பேச்சை நிறுத்திவிட்டு, "என்ன காக்கா?" என்று கேட்டா. அதையும் வாயசைவைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

"கேக்கல்ல" என்றேன்.

உன் காக்கா